பின்வாங்கியது காலா, கையா?

கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தபடியே ஆங்கிலக் கதைகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். சட்டென்று பின்னால் விலகுவதைக் குறிக்கும் ‘ரிகாயில்’ (recoil) என்ற ஆங்கில வினைச்சொல் வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கதையில் ஒரு பெண் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். வெகுகாலம் பிரிந்திருந்த தாய் கன்னத்தைத் தொடக் கை நீட்டுகிறாள். மகள் ‘ரிகாயில்’ ஆகிறாள். அதற்கு அகராதி தரும் பிரெஞ்சுச் சொல் ‘ரெக்யுலே’ (reculer). ஆங்கிலச் சொல்லே பழைய பிரெஞ்சின் இந்தச் சொல்லிலிருந்து போனதுதான்; அடியில் இருப்பது பின்புறத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். துப்பாக்கி பின்னுக்கு உதைப்பதற்கும் பிரெஞ்சில் ‘ரெக்யுல்’ என்றே பெயர். ஆனால் கார் பின்னால் வருவதும் ரெக்யுலேதான், படை பின்வாங்குவதும் ரெக்யுலேதான். ஓர் அடி பின்னால் வைத்தவளுக்குத் தாராளமாகப் போடலாம். உட்கார்ந்திருப்பவளுக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

அப்போது பக்கத்துத் தோப்பில் பெங்களூரா மாங்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். பறித்த காய்களை ஓர் அக்கா தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு காயின் காம்பு ஒடிந்து பால் பீச்சியடித்தது. அவருடைய கை வெடுக்கென்று பின்னால் போனது. தோளும் கழுத்தும் கூடவே சுருங்கின. கால் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, இடுப்புக் கூடைகூட நகரவில்லை. “பால் பட்டால் தோல் வெந்துவிடும் தம்பி, காம்பை நீளமாக விட்டுத்தான் பறிக்கவேண்டும்” என்றபடி கையைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு வேண்டிய அசைவு அதுதான். பிரெஞ்சில் அதற்கு ‘அவுவார் அன் மூவ்மான் தெ ரெக்யுல்’ என்பார்கள்: பின்னால் போகும் அசைவு மட்டும், நடை இல்லை. அதையே எழுதினேன். திடீர்ச் சத்தத்துக்குத் தூக்கிப்போடுவது ‘சுர்சொத்தே’. உள்ளுக்குள் சிலிர்ப்பது ‘த்ரெசாயீர்’. இவை இரண்டும் மகளுக்குப் பொருந்தாது. அவள் அதிரவில்லை, விலகினாள்.

ஒரு வினைக்கு இத்தனை சொற்களா என்று பதிப்பாசிரியர் கேட்டார். தாயின் விரல் கன்னத்தில் படாமல் நின்ற அந்த அரை அடிக்கு அத்தனையும் வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார். அதே கதையில், மகள் திட்டும்போது தாய் அசையாமல் நிற்கும் இடத்துக்கு ‘சான் ப்ரோன்ஷே’ உடனே அமைந்துவிட்டது. கூசாமல், முகம் சுளிக்காமல் நிற்பதற்கு அதைவிடப் பொருத்தமான பிரெஞ்சு எனக்குத் தெரியாது.