மறு: மறு: மறு: ‘எக்ஸ்பிளிசிட்’ பாட்டுக்குத் தமிழில் என்ன போடுவது? (வெள்ளி மாலைக்குள்)

சரம் எழுதியது:

வணக்கம். பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றின் தமிழாக்கம் வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மூடப்படுகிறது. 412 சரங்களில் (திரையில் வரும் சொற்றொடர்களில்) ஒன்பது மட்டும் பாக்கி. ஒன்பதும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன: ராக் பாடல் வரிகளில் வரும் கெட்ட வார்த்தைக்கு ஆங்கிலத்தில் போடும் ‘எக்ஸ்பிளிசிட்’ என்ற எச்சரிக்கைக் குறி. கோப்பில் இப்போது இருக்கும் இயந்திர மொழிபெயர்ப்பு, “வெளிப்படையான உள்ளடக்கத்தை அனுமதி”. படிப்பவர் ஒளிவுமறைவற்ற நல்ல பாட்டு போலிருக்கிறது என்று மகிழ்ச்சியோடு அனுமதித்துவிடுவார்.

இசை நிறுவனங்கள் அனுப்பும் தரவில், டிடெக்ஸ் என்ற பொதுத் தரவு வடிவத்தில், இதற்கு முக்கியமாக நான்கு மதிப்புகள்: உண்டு, இருந்ததை நீக்கித் திருத்தியது, இல்லை, தகவல் இல்லை. ஆகவே ஒரு சொல் மட்டும் போதாது. முதல் மூன்றுக்கும் ஒட்டி வரக்கூடிய வேர் வேண்டும். பாட்டின் பெயர் அருகே ஆங்கிலத்தில் வரும் ஒற்றை எழுத்துக் கட்டத்துக்கு ஈடாக நமக்கும் ஓர் எழுத்து வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு எதிர்க் குறியாக வரும் ‘கிளீன்’ என்பதைச் சுத்தம் என்று போடாதீர்கள். அது திருத்திய பதிப்பா, முதலிலிருந்தே அப்படியா என்பது ஆங்கிலத்திலேயே குழப்பம்.

நூற்பா எழுதியது:

இதற்கு இவ்வளவு திண்டாட்டமா? நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்து முதலில் வைத்ததே இடக்கரடக்கல். இடக்கர் என்பது அவையில் சொல்லத் தகாத சொல். அதை மறைத்து வேறு வாயால் சொல்வது அடக்கல். ‘கால் கழுவி வந்தான்’ என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. பாட்டில் அந்தச் சொல் இருந்தால் ‘இடக்கர் உண்டு’, திருத்தியிருந்தால் ‘இடக்கரடக்கல்’, இல்லாவிட்டால் ‘இடக்கர் இல்லை’. மூன்றும் ஒரே வேரில் வந்துவிட்டன.

தொல்காப்பியம் இன்னும் ஒருபடி மேல். “அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்” என்று சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே “மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்” என்கிறது. வழக்கில் மருவி ஊறிப்போனதை மறைக்கத் தேவையில்லை. உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு ஆப்பி (மாட்டுச் சாணம்), யாட்டுப் பிழுக்கை (ஆட்டுப் புழுக்கை). எந்தச் சொல்லுக்குக் குறி போடுவது, எதை விட்டுவிடுவது என்று ஒலிபரப்பு நிலையங்கள் இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்.

பேச்சுவழக்கு எழுதியது:

ஐயா, நூற்பா அழகுதான். ஆனால் ‘இடக்கர்’ என்று கட்டத்தில் பார்ப்பவர் ‘இடக்குமடக்காகப் பேசும் ஆள்’ என்றுதான் படிப்பார், பாடகரின் பட்டப்பெயரோ என்றும் நினைப்பார். இன்னொன்றையும் கவனியுங்கள். ஓர் எழுத்து மாறி ‘இடங்கர்’ என்று தட்டிவிட்டால் அது முதலை வகை. குறிஞ்சிப்பாட்டில் “கொடுந்தாள் முதலையும் இடங்கரும் கராமும்” என்று வருகிறது. ‘முதலை உண்டு’ என்று எச்சரித்தால் பெற்றோர் பயப்படுவார்கள்தான், ஆனால் வேறு காரணத்துக்காக.

என் பரிந்துரை ‘கெட்ட வார்த்தை’. எல்லோருக்கும் புரியும்.

ஆய்தம் எழுதியது:

‘கெட்ட வார்த்தை’யில் பாதி வடமொழி. அதை விடுங்கள், ‘ஆபாசம்’ என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சேதி. வடமொழியில் ஆபாசம் என்றால் தோற்றம், போலித் தோற்றம். தருக்க நூல்களில் வரும் ஹேத்வாபாசம், காரணம்போலத் தோன்றிக் காரணம் அல்லாதது. வேர் ‘பாஸ்’, ஒளிர்தல். ஆக, ‘வெளிப்படை’ என்று போட்ட இயந்திரம் அறியாமலே ஆபாசத்தின் வேரைத் தொட்டிருக்கிறது!

எக்ஸ்பிளிசிட் லத்தீனில் மடிப்பை அவிழ்த்தல். இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளின் கடைசியில் இதே சொல்லை எழுதிவைப்பார்கள், நம் ஏடுகளில் ‘முற்றிற்று’ போடுவது போல. பாட்டு தொடங்குமுன்பே முற்றிற்று என்று முத்திரை குத்துகிறார்கள்.

இடக்கர் என்பதன் வேரை ‘இடம்’ என்ற இடப்பக்கத்தோடு சேர்க்கலாம் என்பது என் எண்ணம். இடக்கை, இடக்கு, இடறு, இடர்...

பேச்சுவழக்கு எழுதியது:

இடறு வரைக்கும் வந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை என்பதை நினைவூட்டுகிறேன்.

இசைத்தட்டு எழுதியது:

வேர் ஆராய்ச்சியைக் கேலி செய்யாதீர்கள், அதனால் வழக்கே ஜெயித்திருக்கிறது. 1977இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற ராக் குழுவின் பாடல் தொகுப்பின் பெயரைக் கடைச் சன்னலில் வைத்ததற்காக இங்கிலாந்தின் நாட்டிங்காமில் கடைக்காரர்மேல் வழக்கு. சட்டம் 1889ஆம் ஆண்டு ஆபாச விளம்பரச் சட்டம். எதிர்வாதத் தரப்பு ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரைக் கூண்டில் ஏற்றியது. அந்தப் பெயரில் வரும் ‘பொல்லொக்ஸ்’ பழைய ஆங்கிலச் சொல், ஒருகாலத்தில் பாதிரியாருக்குப் பட்டப்பெயராகவும் வழங்கியது என்று அவர் சாட்சி சொன்னார். விடுதலை.

விஷயத்துக்கு வருகிறேன். ‘கெட்ட வார்த்தை’ போதாது. 1985இல் அமெரிக்காவில் பி.எம்.ஆர்.சி. என்ற பெற்றோர் குழு பதினைந்து பாடல்களைத் தகாதவை என்று பட்டியல் போட்டது. அவர்கள் கேட்டது தனித்தனிக் குறிகள்: கெட்ட வார்த்தைக்கும் பாலியலுக்கும் எக்ஸ், வன்முறைக்கு வி, போதைக்கும் மதுவுக்கும் டி-ஏ, மாந்திரீகத்துக்கு ஓ. செப்டம்பர் 19 அன்று செனட் விசாரணையில் பிராங்க் சப்பா, ஜான் டென்வர், டீ ஸ்னைடர் என்ற இசைக்கலைஞர்கள் மூவரும் போய் எதிர்த்துப் பேசினார்கள். கடைசியில் தனிக் குறிகள் வரவில்லை, எல்லாவற்றுக்கும் அட்டையில் ஒட்டும் ஒரே எச்சரிக்கை வில்லை (ஸ்டிக்கர்) என்றாயிற்று. 1990இல் கறுப்பு வெள்ளையில் ஒரே வடிவம். அதில் முதலில் ‘எக்ஸ்பிளிசிட் லிரிக்ஸ்’ (வரிகள்) என்று இருந்தது, 1996இல் ‘எக்ஸ்பிளிசிட் கன்டென்ட்’ (உள்ளடக்கம்) ஆனது.

நம் தலைவலிக்குக் காரணம் அந்த ஒரே வில்லைதான். ஸ்னைடரின் ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் பாட்டு வன்முறைக்காகப் பட்டியலில் ஏறியது. அதில் ஒரு கெட்ட வார்த்தையும் கிடையாது. அதன் பக்கத்தில் ‘கெட்ட வார்த்தை’ என்று போட்டால் அது பொய்.

நூற்பா எழுதியது:

அப்படியானால் இடக்கரே சரி. பொருளும் தகாதது, சொல்லும் தகாதது, இரண்டையும் ஏற்கும்.

இன்னொரு நுட்பம். ராக் பாட்டில் வரும் அந்த எஃப்-எழுத்துச் சொல் பெரும்பாலும் யாரையும் திட்டுவதில்லை. பெயரடைக்கு முன்னால் நின்று ‘ரொம்ப’ என்ற வேலையை மட்டும் செய்கிறது. நம் இலக்கணத்தில் அதற்கு இடம் “சால உறுதவ நனிகூர் கழிமிகல்”. மிகுதிப் பொருள் தரும் உரிச்சொல். ஆகவே அதை ‘வசை’ என்று யாராவது முன்மொழிந்தால் இப்போதே மறுத்துவிடுகிறேன். வசைக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். காளமேகம் பாடியது வசை, ஏனென்றால் யாரை என்று தெரியும்.

பேச்சுவழக்கு எழுதியது:

யாரும் முன்மொழியவில்லை. இப்போது முன்மொழிகிறேன்: ‘வசை’. நன்றி ஐயா.

ஒலிமேசை எழுதியது:

சரம் எண் 408ஐப் பார்த்தேன்: “பீப் ஒலியிட்ட பதிப்பு”. இது தொழில்நுட்பப்படி தவறு. பீப் என்பது ஆயிரம் ஹெர்ட்ஸ் சுத்த அலை. பேச்சு நிகழ்ச்சியில் போடுவார்கள். பாட்டில் போட்டால் ராகத்துக்கு வெளியே ஒரு சுரம் கத்தும், அதனால் வானொலிப் பதிப்பில் பெரும்பாலும் போடுவதில்லை. நடப்பது இவற்றில் ஒன்று.

குரலும் கருவிகளும் தனித்தனித் தடத்தில் உள்ள பல்தடப் பதிவு கையில் இருந்தால் குரல் தடத்தை மட்டும் அந்த இடத்தில் மௌனமாக்குவார்கள், கிட்டாரும் டிரம்மும் ஓடிக்கொண்டே இருக்கும். இது நன்றாக வரும். ஆனால் மூன்று இடத்தில் கசியும். ஒன்று, சொல் ‘ஃப்’ என்று தொடங்கினால் அந்தக் காற்றொலி உயிரொலிக்கு முன்பே நீளமாக வந்துவிடும். உயிரொலியிலிருந்து வெட்டினால் பாதிச் சொல் காதில் விழும், மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். இரண்டு, குரலுக்குப் போட்ட எதிரொலி வேறு தடத்தில் திரும்பி வரும். மூலச் சொல்லை அடைத்துவிட்டு இதை மறந்தால் அரைத் தாளம் கழித்து அதே சொல் மெல்லிசாகத் திரும்பக் கேட்கும். மூன்று, பின்பாட்டுக் குரல். முன்குரலை மூடிவிட்டு இதை விட்டால் கோரஸே திட்டும்.

வெட்டின இரண்டு முனையிலும் ஐந்து முதல் பத்து மில்லி நொடிக்கு ஒலி மெல்ல இறங்கி ஏறும் மங்கல் கொடுக்காவிட்டால் ‘டிக்’ என்று கேட்கும். பல்தடம் இல்லாமல் இறுதிக் கலவை மட்டும் இருந்தால் அந்தத் துண்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவார்கள், தாளம் ஓரளவு தப்பிக்கும். எல்லாவற்றையும் விட நல்லது பாடகர் வேறு சொல் வைத்து மீண்டும் பாடுவது. கிங்க்ஸ் குழுவின் ரே டேவிஸ் 1970இல் ‘லோலா’வில் ஒரே ஒரு குளிர்பான நிறுவனப் பெயரை மாற்ற அமெரிக்காவிலிருந்து லண்டனுக்குப் பறந்து வந்தார். அது கெட்ட வார்த்தைகூட இல்லை. பிபிசி விளம்பரம் ஒலிபரப்பாது, அவ்வளவுதான்.

ஆக 408க்கு ‘பீப்’ வேண்டாம். ‘சொல் அடைத்த பதிப்பு’ என்று வையுங்கள்.

ஆய்தம் எழுதியது:

‘சொல் அடைத்த’ என்றால் சொற்களைத் திணித்தது என்றும் பொருள் வரும். மூட்டையில் அடைத்த. ‘ஒலிமறைத்த’ எனலாமா?

ஒலிமேசை எழுதியது:

‘ஒலிமறைத்த’ என்றால் எங்கள் துறையில் வேறு பொருள்: ஒரு பெரிய ஒலி சின்ன ஒலியைக் கேட்கவிடாமல் செய்வது. இங்கே சொல்தான் போகிறது.

இசைத்தட்டு எழுதியது:

சொல் இருக்கிறதா என்றே தெரியாத பாட்டுக்கு என்ன குறி? கிங்ஸ்மென் குழு பாடிய ‘லூயி லூயி’யில் ஆபாசம் இருப்பதாகப் புகார் வந்து அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. இரண்டு வருடத்துக்கு மேல் ஆராய்ந்தது. தட்டை வெவ்வேறு வேகத்தில் சுழற்றிக் கேட்டுவிட்டு, எந்த வேகத்திலும் விளங்கவில்லை என்று கோப்பை மூடியது. ‘தகவல் இல்லை’ என்ற நான்காம் மதிப்புக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது.

சரம் எழுதியது:

நண்பர்களே, வியாழன் இரவு ஆகிவிட்டது. முதலிலேயே சொல்லாதது என் தவறு: இந்தப் புலங்களுக்கு இடம் 16 குறியீட்டு எண்கள்தான். கண்ணுக்குத் தெரியும் எழுத்து அல்ல, யுனிகோட் கணக்கு. புள்ளியும் ஒன்று, துணைக்காலும் ஒன்று.

‘இடக்கர் உண்டு’ 13. ‘இடக்கரடக்கல்’ 12. ‘இடக்கர் இல்லை’ 13. மூன்றும் உள்ளே.
‘கெட்ட வார்த்தை’ மட்டும் 14. கூட ‘உண்டு’ சேர்த்தால் 20, ‘நீக்கியது’ சேர்த்தால் 24. வெளியே.
‘வசை உண்டு’ 9. ‘வசை நீக்கியது’ 13. ‘வசை இல்லை’ 9. உள்ளே.

போட்டி இரண்டுக்குத்தான். ஒற்றை எழுத்துக் கட்டத்தில் ‘இ’ போட்டால் இசை என்று படிக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ‘வ’ அப்படி இல்லை.

கூடவே ஒரு பிழை. வரிகளைத் திரையில் காட்டும்போது கெட்ட சொல்லை உடுக்குறியால் (*) மறைக்கும் நிரல், குறியீட்டு எண் வாரியாக மாற்றுகிறது. தமிழில் மெய்க்கு மட்டும் உடுக்குறி விழுந்து, ஒற்றைக்கொம்பு அனாதையாகப் புள்ளிவட்டத்தில் தொங்குகிறது. எழுத்துக் கொத்து வாரியாக மறைக்கச் சொல்லி எழுதிவிட்டேன்.

பேச்சுவழக்கு எழுதியது:

வசை. வள்ளுவரே இரண்டையும் ஜோடி சேர்த்து வைத்திருக்கிறார்: “வசையொழிய வாழ்வாரே வாழ்வார் இசையொழிய வாழ்வாரே வாழா தவர்”. இசைச் செயலிக்கு இதைவிட என்ன வேண்டும்?

நூற்பா எழுதியது:

அங்கே வசை என்பது பழி, இசை என்பது புகழ். பாட்டும் இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை. குறளை வாலைப் பிடித்து இழுக்காதீர்கள்.

இசைத்தட்டு எழுதியது:

வசைக்கே என் கையும். முழு மனதோடு இல்லை.

ஒலிமேசை எழுதியது:

எதுவானாலும் சரி. 408ஐ மாற்றுங்கள்.

ஆய்தம் எழுதியது:

வசை, ‘வை’ என்ற வினையோடு தொடர்புடையது என்றால் ஆதரிக்கிறேன். வைதல், வசவு. நாளைக்குள் பார்த்துச் சொல்கிறேன்.

சரம் எழுதியது:

கோப்பு 4.50க்குப் போய்விட்டது. கட்டத்தில் ‘வ’. மூன்று நிலைக்கும் வசை உண்டு, வசை நீக்கியது, வசை இல்லை. நான்காவது ‘தகவல் இல்லை’. நீள வரம்பு இல்லாத அமைப்புப் பக்கத்தில், “கெட்ட வார்த்தை, வன்முறை, பாலியல், போதை பற்றிய வரிகள் உள்ள பாடல்களைக் காட்டு” என்று விரித்து எழுதிவிட்டேன். கலைச்சொல் பட்டியலில் இடக்கர், இடக்கரடக்கல் இரண்டும் ‘பரிசீலனையில்’ என்று இருக்கின்றன.

நூற்பா எழுதியது:

ட்விஸ்டட் சிஸ்டர் பாட்டை யாராவது வன்முறை என்று பதிவேற்றினால் பக்கத்தில் ‘வசை உண்டு’ என்று வரும். யார் யாரை வைதார்கள் என்று பயனர் கேட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள். என் எதிர்ப்பைப் பட்டியலில் குறித்துவையுங்கள்.

ஒலிமேசை எழுதியது:

408இல் இன்னும் ‘பீப்’ இருக்கிறது.

சரம் எழுதியது:

தெரியும். ‘சொல் அடைத்த’ போட்டால் ஆய்தம் ஐயாவின் மூட்டை, ‘ஒலிமறைத்த’ போட்டால் உங்கள் மறுப்பு. அனுப்பும் முன் பார்த்தபோது மணி 4.48. அடுத்த பதிப்பு எட்டு வாரத்தில் வருகிறது, அதற்குள் நீங்கள் இருவரும் பேசி ஒரு சொல்லுக்கு வாருங்கள்.