ஓட்டுக்கூரை மாதிரி ஒரு டிஸ்க்

செல்வி அத்தை: ரகு, அப்பாவின் சதாபிஷேக வீடியோவை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுகிறேன். இடம் போதாமல் பழையதை அழித்துவிட்டுத்தான் போட்டேன். முதலில் வேகமாகப் போனது, இப்போது நகரவே மாட்டேன் என்கிறது. கெட்டுவிட்டதா?

ரகு: மாடல் எண்ணை அனுப்புங்கள் அத்தை.

செல்வி அத்தை: 📷

ரகு: கெடவில்லை. இது எஸ்எம்ஆர் (ஷிங்கிள்டு மேக்னடிக் ரெக்கார்டிங்) வகை. இதில் தட்டில் தகவல் பதியும் வட்டத் தடங்களை ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள். எழுத அகலமான தடம் வேண்டும், படிக்க ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தால் போதும். அதனால் அதே தட்டில் அதிகம் பிடிக்கும். ஆனால் கூரையின் நடுவில் ஒரே ஓர் ஓடு மாற்ற வேண்டுமானால், அதன் மேல் படிந்த ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? அந்த வேலைதான் நடக்கிறது. இரவு முழுக்க ஓடட்டும், பிடுங்கிவிடாதீர்கள்.

பெரியப்பா: ஏன் இப்படி நெருக்க வேண்டும்? தடத்தையே சின்னதாக்கினால் என்ன?

ரகு: அங்கேதான் சிக்கல் பெரியப்பா. தகவல் பதிவது தட்டில் உள்ள காந்தத் துகள்களில்தான். தடம் சிறுத்தால் துகளும் சிறுக்க வேண்டும். அது ரொம்பச் சிறியதானால் அறைச் சூடே அதைத் திருப்பிவிடும், பதிந்தது அழிந்துபோகும். முன்பு காந்தங்களைப் படுக்க வைத்துத்தான் பதிந்தார்கள். நெல் மூட்டையைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைத்தால் அதே தரையில் எத்தனை கூடுதலாக நிற்கும்! காந்தத்தையும் அப்படி நிமிர்த்தலாம் என்று ஜப்பானின் செண்டாய் நகரில் இவாசாகி என்ற பேராசிரியர் 1970களிலேயே சொன்னார். தோஷிபா அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2005இல். அத்தனை வருடம் அவர் அதை விடவில்லை. எனக்கு அதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

கவின்: அண்ணா, நேற்று உன் பழைய டிஸ்க்கைத் திறந்தேன். தட்டு கண்ணாடி மாதிரி முகம் தெரிகிறது. அதன் மேல் நீளும் கை போன்ற தண்டின் நுனியில் எள்ளை விடச் சின்னதாக ஏதோ இருக்கிறதே?

ரகு: அதுதான் ஹெட், எழுதுவதும் படிப்பதும் அதுதான். சுற்றும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். இப்போது அதில் லேசரும் வைக்கிறார்கள். அந்த டிஸ்க்குகளில் உள்ள இரும்பு பிளாட்டினத் துகள் எளிதில் திரும்பாது. அதனால் ஒரு புள்ளியை மட்டும் கண நேரம் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி எழுதுவார்கள். ஆறியதும் அசையாது. இப்படி 30 டெராபைட்டையும் தாண்டிவிட்டார்கள். 1956இல் ஐபிஎம்மின் முதல் டிஸ்க்கில் 50 தட்டுகள், மொத்தமே 4 மெகாபைட் கூட இல்லை.

பெரியப்பா: நம் வீடியோவில் ஒரு நிமிடம் கூட அதில் அடங்காது!

செல்வி அத்தை: காலையில் பார்த்தேன், எல்லாம் ஏறிவிட்டது. அம்மா மாலை மாற்றும் இடம் தெளிவாக ஓடுகிறது.

ரகு: சந்தோஷம் அத்தை. தீபாவளிக்கு வரும்போது இன்னொரு டிஸ்க் கொண்டுவருகிறேன், அதிலும் ஒரு பிரதி போட்டுவிடலாம்.