சிவ் 3: ரயில் போட ஒர்க்கர்களை எப்படி ஓட்டுறீங்க? 25 பேர் இருந்தும் வேலை நகர மாட்டேங்குது

நைட்ஷிஃப்ட் எழுதியது:

சிவிலைசேஷன் 3 கான்குவெஸ்ட்ஸ் (டர்ன் டர்னா ஆடி நாட்டை வளக்குற கம்ப்யூட்டர் கேம்) ஆடிட்டிருக்கேன், ஆமா இன்னும் சிவ் 3 தான், சிரிக்காதீங்க, என் லேப்டாப் இதுக்கு மேல தாங்காது. ரோமன்ஸ் எடுத்திருக்கேன், ரிபப்ளிக் ஆட்சில இருக்கேன், ரயில் போட வழி விடுற ஸ்டீம் பவர் கண்டுபிடிச்சு 10 டர்ன் ஆச்சு. நிலக்கரி, இரும்பு ரெண்டுமே என் எல்லைக்குள்ளயே இருக்கு, அதுல குறையே இல்ல. சொந்த ஒர்க்கர் 17, பக்கத்து நாட்டுக்காரன்கிட்ட இருந்து சண்டையில புடிச்சது 8, மொத்தம் 25. ஆனா இதுவரை ரயில் வந்திருக்கிறது வெறும் 14 டைல்லதான் (மேப்ல இருக்குற கட்டம்).

மொதல்ல எல்லாரையும் ஆட்டோமேட்ல, அதாவது கம்ப்யூட்டரே ஓட்டட்டும்னு விட்டேன். அதுல என்ன ஆச்சுன்னா, ஊழல்ல முங்கிப் போய் ஒரே ஒரு ஷீல்டு (உற்பத்தி அளவு) குடுக்குற கடைக்கோடி ஊரைச் சுத்தி 4 டைல் போட்டிருக்கானுங்க, தலைநகரைச் சுத்தி மூணே மூணு. கடுப்பாகி ஆட்டோமேட்டை எடுத்துட்டு நானே ஓட்ட ஆரம்பிச்சேன். டைலுக்கு ஒரு ஆள் போட்டேன், அவனவன் 6 டர்ன் குத்தவெச்சு உக்காந்திருக்கான், குன்றுல போட்டவன் 12 டர்ன். படை எல்லைக்குப் போகணும்னா இன்னும் ரோடுலதான் போகுது, அங்க எதிரி பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்திட்டான்.

இதுக்கு ஒழுங்கான வழி என்ன? இன்னும் ஒர்க்கர் செய்யணுமா, இல்ல நான்தான் தப்பா ஓட்டுறேனா?

---

பழைய_லேப்டாப் எழுதியது:

தல, ஆள் போதும். நீங்க ஆளைப் பரப்பி விட்டதுதான் பிரச்சனை.

சமதரைல ரயிலுக்கு 6 ஆள்-டர்ன் வேணும், அதாவது ஒருத்தன்னா 6 டர்ன், 6 பேர்னா அதே டர்ன்லயே முடிஞ்சிரும். சிவ் 3ல ஒர்க்கருக்கு ஆர்டர் குடுத்த உடனே அந்த டர்னுக்கான வேலை கணக்குல ஏறிடும், ஆறாவது ஆளுக்கு ஷிஃப்ட்+ஆர் அமுக்குன செகண்ட்ல தண்டவாளம் கண்ணு முன்னாடி வந்து நிக்கும், அடுத்த டர்னுக்காகக் காத்திருக்கவே வேணாம். ரயில் மேல நடக்கிறதுக்கு மூவ் (ஒரு டர்ன்ல நகரக் கிடைக்குற அளவு) செலவே கிடையாதுங்கிறதுதான் இதுல இருக்குற சூட்சுமம்.

உங்க ஆட்டத்தையே எடுத்துக்கோங்க. ரோம்ல 12 ஒர்க்கர் நிக்கிறான், வேயி ஊர்ப் பக்கம் போகணும்னு வெச்சுக்கோங்க. மொத 6 பேரை பக்கத்து டைலுக்கு விடுங்க, அங்க ஏற்கனவே ரோடு இருக்கிறதால மூணுல ஒரு பங்கு மூவ்தான் போகும், மிச்சம் இருக்கிறதை வெச்சு வேலையை ஆரம்பிச்சிரலாம். ரயில் வந்துருச்சா? இப்ப அடுத்த 6 பேர் அந்தப் புது ரயில் மேல ஓசில ஏறிப் போய் ரெண்டாவது டைல்ல இறங்கி அதையும் அதே டர்ன்ல முடிச்சிருவானுங்க. அடுத்த டர்ன் 12 பேரும் முனைக்கு ஓசிலயே வந்துருவானுங்க, திரும்ப அதே கதைதான். ஒருத்தனும் நடந்தே டர்னைக் கழிக்கமாட்டான்.

ரோடு இல்லாத டைல்ல கால் வெச்சா அந்த டர்ன் அவ்ளோதான், மூவ் முழுசும் போயிரும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். சிவ் 3ல ரோடு போடாம ரயில் போடவே முடியாது, அதனால நான் ஸ்டீம் பவர் வர்றதுக்கு முன்னாடியே எல்லா ஊருக்கும் நடுவுல ரோடு போட்டு முடிச்சுட்டு ஆளுங்களை 6, 6 பேரா தலைநகர்ல கொண்டுவந்து நிறுத்திருவேன்.

கூட்டமா நகர்த்த கண்ட்ரோல்+ஜே அமுக்குங்க, ஒரே வகை ஆளுங்க எல்லாரும் ஒண்ணா நகருவாங்க, ஒவ்வொருத்தனா இழுத்தா விரல் தேஞ்சிரும்.

---

நைட்ஷிஃப்ட் எழுதியது:

ப்ரோ ஒரு டவுட்டு. 12 பேர் 12 டைல்ல தனித்தனியா 6 டர்ன் வேலை செஞ்சாலும் 12 டைல், 12 பேர் சேந்து டர்னுக்கு ரெண்டுன்னு போட்டாலும் 6 டர்ன்ல 12 டைல்தானே? அப்புறம் சேர்த்து என்ன லாபம்? கோச்சுக்காதீங்க, நிஜமாவே புரியல.

---

கணக்குப்புலி எழுதியது:

நல்ல கேள்வி, ஆறாவது டர்ன் கடைசில எண்ணிப் பாத்தா ரெண்டும் 12தான், ஒத்துக்கிறேன். ஆனா நடுவுல இருக்குற 5 டர்ன்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. தனித்தனியா விட்டா மொத 5 டர்ன்ல கையில ஒண்ணுமே இல்ல. சேர்த்து விட்டா மொத டர்ன் முடிவுல 2, அப்புறம் 4, 6, 8, 10ன்னு ஏறுது, டர்னுக்கு டர்ன் கையில இருந்த டைலைக் கூட்டினா 30 டைல்-டர்ன். ரயில் வந்த சுரங்க டைல்ல ஒரு ஷீல்டு கூடும், தண்ணி பாயுற டைல்ல ஒரு உணவு கூடும், அப்ப அந்த 30 டைல்-டர்ன்லயும் ஊர்க்காரன் வேலை செஞ்சா 30 ஷீல்டோ 30 உணவோ உங்களுக்கு சும்மா கிடைக்குது. இதுல படை எல்லைக்கு முன்கூட்டியே போய்ச் சேர்றதை நான் கணக்குலயே எடுக்கல.

இப்ப உங்க 25 பேருக்கு வருவோம். புடிச்சுட்டு வந்தவன் பாதி வேகம்தான் (ஆனா பராமரிப்புச் செலவு கிடையாது, அதனால விரட்டிடாதீங்க). அப்ப 17 கூட்டல் 4, உங்க உண்மையான பலம் டர்னுக்கு 21. 10 டர்ன்ல 210, ஆறால வகுத்தா 35 சமதரை டைல் வந்திருக்கணும், உங்களுக்கு வந்தது 14. குன்றுக்கு ரெட்டிப்பு, மலைக்கு மூணு மடங்குங்கிறதைக் கழிச்சாலும் மிச்சம் எல்லாம் நடந்தும் சிதறியும் வீணாப் போனதுதான்.

பழைய_லேப்டாப் சொன்னது சரி, ஆனா எண்ணிக்கைல கவனம் வேணும். ஒரு டைல்ல 5 பேரை விட்டா 2 டர்ன் ஆகும், 10 ஆள்-டர்ன் போச்சு, தேவை 6தான், 4 குப்பைக்கு. 4 பேர்னா 2 வீண். 3 பேர்னா சரியா 2 டர்ன், வீணே இல்ல. அதனால ஆறுல மிச்சம் இல்லாம வகுபடுற எண்ணிக்கையா பிரிங்க. உங்களுக்கு நான் பிரிச்சா இப்படித்தான்: சொந்த ஆள் 6 ஒரு டைல், 6 இன்னொரு டைல், மிச்ச 5 சொந்த ஆளோட 2 கைதி சேர்ந்து மூணாவது டைல், பாக்கி 6 கைதியும் நாலாவது டைல்ல ரெண்டு டர்ன். 6+6+6+3, ஒரு ஆள்கூட சும்மா நிக்கல. குன்று வந்தா சொந்த ஆள் 12 பேரையும் அதுல இறக்கிருங்க, அரைகுறையா ஆரம்பிச்சு விடாதீங்க.

ரீப்ளேசபிள் பார்ட்ஸ்ங்கிற கண்டுபிடிப்பு வந்துட்டா வேகம் ரெண்டு மடங்கு, 3 பேரே போதும், அப்ப இந்தப் பிரிவெல்லாம் மறுபடி மாத்தணும். டெமாக்ரசி ஆட்சிலயும் ஒன்றரை மடங்கு வேகம் கிடைக்கும், ஆனா ரயிலுக்காக மட்டும் ஆட்சியை மாத்தாதீங்க, நடுவுல ஆட்சியே இல்லாம வர்ற அனார்க்கில ஒர்க்கர் பாதி வேகத்துலதான் வேலை செய்வான்.

---

அரைத்தூக்கம் எழுதியது:

இவ்ளோ கணக்கு போட்டு ஆடுறதுக்கு நான் ஆபீஸ் வேலையையே பாத்துருவேன் 😂 நான் ஷிஃப்ட்+ஏ அமுக்கி ஆட்டோமேட்ல போட்டு விட்டுட்டு டீ குடிக்கப் போயிருவேன், இருக்கிறதை இடிக்காம வேலை செய்வானுங்க, ரீஜென்ட் லெவல்ல (நடுத்தரக் கஷ்டம்) அதுலயே ஜெயிச்சிருக்கேன்.

சிவ் 5 ஆடுறவங்க இந்த மேப்பைப் பாத்தா மயங்கி விழுவாங்க, அங்க ரயில் டைலுக்கு டர்னுக்கு 2 தங்கம் பராமரிப்பு, ரோடுக்கே 1. அதனால ஊருக்கு ஊர் ஒத்தைக் கோடுதான் இழுப்போம், தலைநகரோட இணைஞ்ச ஊருக்கு 25 சதவீதம் உற்பத்தி கூடும், அத்தோட சரி. அங்க ஒரு டைல்ல ரெண்டு ஒர்க்கரை நிறுத்தவும் முடியாது, இந்த 6 பேர் கூட்டமெல்லாம் கனவுதான். சிவ் 3ல ரயிலுக்குப் பராமரிப்பே இல்லாததாலதான் நாடு முழுக்க சிலந்தி வலை மாதிரி ஆகுது, எனக்கு அதைப் பாத்தாலே கண்ணு எரியும்.

---

டர்ன்300 எழுதியது:

எப்படிப் போடுறதுன்னு சொல்லிட்டீங்க, எங்க போடுறதுன்னு யாரும் சொல்லலியே. மொதல்ல தலைநகர்லருந்து சண்டை நடக்குற எல்லை வரைக்கும் ஒரே ஒரு கோடு, வேற எதையும் தொடாதீங்க. அது முடிஞ்சா உங்க பீரங்கிப் படை அந்தக் கோட்டுல இருக்குற எந்த ஊர்லருந்தும் அதே டர்ன்ல எல்லைக்கு வந்துரும், அப்ப அந்தக் கோட்டுல ஊருக்கு ஊர் பெரிய காவல் படை தனியா வெச்சுக்கிறது தேவையில்லாம போயிரும்.

அப்புறம் நல்லா உற்பத்தி பண்ற 5, 6 ஊர். அதுலயும் ஊரைத் திறந்து பாத்து ஊர்க்காரன் நிஜமா வேலை செய்யுற டைல்ல மட்டும் போடுங்க. காட்டு டைல்ல போட்டா போக்குவரத்தைத் தவிர பைசா லாபம் இல்ல. தண்ணி பாயுற புல்வெளி ரயில் வந்ததும் 4 உணவு குடுக்கும், ஆனா ஆஸ்பத்திரி இல்லாத ஊர் 12க்கு மேல வளராது, ஏற்கனவே 12ல நிக்கிற ஊருக்கு அந்த உணவு எதுக்கு? சுரங்கமா மாத்தி ரயில் போட்டா 2 ஷீல்டு. இதை நான் ரொம்ப லேட்டாத்தான் கத்துக்கிட்டேன்.

இன்னொண்ணு, பட்டுத் தெரிஞ்சது. பக்கத்து நாட்டோட ரைட் ஆஃப் பாசேஜ் ஒப்பந்தம் (ஒருத்தர் எல்லைக்குள்ள இன்னொருத்தர் படை போக அனுமதி) இருந்தா அவனும் உங்க ரயில்ல ஓசில போவான். நான் ஒரு தடவை பெர்சியாக்காரனுக்குக் குடுத்துட்டு மறந்தே போயிட்டேன், அவன் குதிரைப்படையெல்லாம் தலைநகர் வாசல்ல வந்து நின்னுட்டுப் போரை அறிவிச்சான், ஒரே டர்ன்ல 3 ஊர் காலி. அந்த ஒப்பந்தம் இல்லாம போர்ல இருக்குறவன் உங்க எல்லைக்குள்ள உங்க ரயிலைப் பயன்படுத்தவே முடியாது, அதனால ரயில் போட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ராஜதந்திர ஸ்க்ரீனை ஒரு தடவை பாத்துருங்க.

---

நைட்ஷிஃப்ட் எழுதியது:

நேத்து ராத்திரி ஒரு 8 டர்ன் கணக்குப்புலி பிரிச்ச மாதிரியே ஆடிப் பாத்தேன். 21 டைல் வந்திருச்சு, எல்லை வரைக்கும் கோடு முடிஞ்சுது, நடுவுல ரெண்டு குன்று வேற இருந்துச்சு. பீரங்கி 9 இருந்துச்சு, ரோம்லருந்து கிளம்புன டர்ன்லயே எல்லைல நின்னு சுட்டுச்சு. ஒரு தடவை மட்டும் கைதியையும் சொந்த ஆளையும் மாத்தி எண்ணிட்டேன், ஒரு டைல் அரைல நின்னுருச்சு.

ராஜதந்திர ஸ்க்ரீனையும் பாத்தேன். ஜூலுக்காரனுக்கு ரைட் ஆஃப் பாசேஜ் குடுத்து வெச்சிருக்கேன், எப்பக் குடுத்தேன்னே ஞாபகம் இல்ல. இன்னும் 6 டர்ன் பாக்கி இருக்கு. அது வரைக்கும் அவன் பக்கத்து எல்லைல கடைசி 2 டைலை ரயில் போடாம விட்டு வெச்சிருக்கேன், சரிதானே?