அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாடு: எந்த வாதம் வலுவானது?

கேள்வி (காரைக்குடி):
டெக்சாஸில் படிக்கும் என் பேத்திக்கு, பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தால் ஒளிந்துகொள்ளப் பயிற்சி தருகிறார்கள் என்று மகன் சொன்ன நாள் முதல் எனக்கு உறக்கமில்லை. எங்கள் ஐயா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் ஒப்படைப்போம். அங்கே மட்டும் கட்டுப்பாட்டை ஏன் எதிர்க்கிறார்கள்?

பதில் (தேவகோட்டை):
அண்ணன், நமது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி உரிமம் அரசு தரும் அனுமதி; அங்கே 1791இல் ஏற்கப்பட்ட, அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை மக்களின் உரிமை என்கிறது, அது தனிமனிதருக்கும் உரியது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவலர் வந்து சேர நெடுநேரமாகும் பண்ணை வீடுகளில் வாழ்வோர் தற்காப்பு என்று சொல்வதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

பதில் (கானாடுகாத்தான்):
தற்காப்பு வாதம் எனக்கும் புரிகிறது. ஆனால் 2022இல் அதே டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது நிரம்பியதும் சட்டப்படியே துப்பாக்கி வாங்கியவன். ஆயுதம் ஏந்திய காவலர்களோ ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வகுப்பறைக்குள் நுழையவில்லை. அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுச் சட்டம், துப்பாக்கி வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சோதிக்கும்படி உரிமம் பெற்ற கடைக்காரர்களை மட்டுமே கட்டாயப்படுத்துகிறது. தனியாருக்குள் நடக்கும் விற்பனை பல மாநிலங்களில் அதற்குள் வருவதில்லை. அங்கே துப்பாக்கியால் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

கேட்டவர்:
பேத்தி விளையாடப் போகும் வீடுகளில் துப்பாக்கி பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரிக்கும்படி இன்றே மகனிடம் சொல்கிறேன்.