கேம்பர் ஏத்துனா வண்டி பின்பக்கம் உக்காருதுங்க, வழி சொல்லுங்க

வணக்கமுங்க, கோபில இருந்து எழுதறேன். 2018 இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டி, டீசல், ஃபோர் வீல் டிரைவ், 92,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. மூணு மாசம் முன்னாடி தொட்டிக்கு மேல கழட்டி வைக்கற மாதிரி இரும்பு பிரேம்ல கேம்பர் கூண்டு (வெளியூர் போனா உள்ளயே சமைச்சுத் தங்கறதுக்கு) செஞ்சு ஏத்துனேன். எடை மேடைல போட்டுப் பார்த்தா கூண்டு மட்டும் 310 கிலோ, தண்ணி 60 லிட்டர், பேட்டரி, அடுப்பு, சாமான் எல்லாம் சேர்த்தா 450 கிட்ட வருது.

ஏத்துனதும் பின்பக்கம் ரெண்டரை இன்ச் இறங்கிருச்சு, ராத்திரில ஹெட்லைட் மரத்துக்கு மேல அடிக்குது. திம்பம் 27 வளைவுலயும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வண்டி சாயறது எனக்கே பயமாயிருச்சுங்க, அந்தியூர் தாண்டி பர்கூர் மலைல கல்லு ரோட்டுல போனா டயரு மேல மட்கார்டுல உரசுற சத்தம் வேற.

பண்ணிப் பார்த்தது: சங்ககிரில லாரி பட்டறைல லீஃப் ஸ்பிரிங்ல (பின்பக்க எடையத் தாங்குற இரும்புப் பட்டை அடுக்கு) ஒரு பிளேட் சேர்த்தேன், ஒரு இன்ச் ஏறுச்சு, ஆனா கூண்ட எறக்கிட்டா வண்டி தூக்கித் தூக்கிப் போடுது, அம்மாவுக்கு இடுப்பு வலி, அவங்கள வெச்சு ஓட்டவே முடியல. பின் ஷாக் அப்சார்பர் ரெண்டும் புதுசு. டயர்ல காத்து 40 psi வரைக்கும் ஏத்திப் பார்த்தேன், பிரயோஜனமில்ல. தண்ணி டேங்க முன்பக்கமா கேபினை ஒட்டி நகர்த்துனதுல சாயறது மட்டும் கொஞ்சம் கொறைஞ்சுது.

மாசத்துல ரெண்டு தடவைதான் கூண்டு ஏத்துவேன், மத்த நாளெல்லாம் காலி வண்டிதான். இதுக்கு சேர்த்த பிளேட்ட கழட்டிட்டு காத்தடைக்கற ஏர் பேக் ஸ்பிரிங் போடலாமா, இல்ல ஹெவி டியூட்டி லீஃப் செட்டே மாத்திரலாமா, மலைல ஓட்டுன அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க?