பின் ஸ்பீக்கர் இரண்டும் முணுமுணுக்கின்றன, என்ன செய்யலாம்?

நண்பர்களே, கம்ப்யூட்டரில் 5.1 ஸ்பீக்கர் செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) மாட்டியிருக்கிறேன். முன்னால் இருப்பவை கணீரென்று பேசுகின்றன. பின்னால் இருக்கும் இரண்டும் காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கின்றன. ஸ்டீரியோ பாட்டுக்குப் பின்பக்கம் சத்தம் வராது என்பது தெரியும். ஆனால் விண்டோஸ் 10 சவுண்ட் செட்டிங்கில் டெஸ்ட் அழுத்தினாலும், 5.1 படம் போட்டாலும் இதே கதைதான். லெவல்ஸில் பின் ஸ்பீக்கர்கள் 100-ல்தான் இருக்கின்றன.

நேற்று மேசைக்கு அடியில் தூசியோடு படுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் பக்கம் முன் ஸ்பீக்கருக்கான பச்சை ஜாக்கையும் பின் ஸ்பீக்கருக்கான கறுப்பு ஜாக்கையும் இடம் மாற்றிச் செருகினேன். உடனே பின் ஸ்பீக்கர்கள் அலறின, முன்னவை அடங்கிவிட்டன! அப்படியென்றால் ஸ்பீக்கரும் ஒயரும் சரி, மதர்போர்டின் கறுப்புத் துளைதான் கோளாறு என்று நினைக்கிறேன். ரியல்டெக் சவுண்ட் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டும் பலனில்லை. டிரைவரில் வேறு எதையாவது மாற்ற வேண்டுமா, இல்லை தனியாக யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குவதுதான் வழியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.