கலைச்சொல்: செயின்சா கார்புரேட்டரில் ‘லீன்’, ‘ரிச்’ – தமிழில்?

> பழைய செயின்சா வாங்கிச் சரிசெய்யப் பழகுபவர்களுக்கான கையேட்டில் ‘லீன்’ (பெட்ரோலுக்குக் காற்று அதிகம்) = குறைக்கலவை, ‘ரிச்’ (பெட்ரோலுக்குக் காற்று குறைவு) = செறிகலவை என்று போடலாமா?

வேண்டாம் ஐயா. கலவை என்றதுமே பட்டறையில் நினைவுக்கு வருவது பெட்ரோலில் ஊற்றும் மசகெண்ணெயான டூ-டி ஆயில்தான்: 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. குறைக்கலவை என்று படிப்பவர் ஆயில் போதவில்லை என்று எண்ணி இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். ஆயில் கூடினால் அதே அளவு திரவத்தில் பெட்ரோல் குறையும். காற்று மிகுந்த நோய் சற்று முற்றவே செய்யும்.

லீன் = காற்றுமிகை, ரிச் = காற்றுக்குறை என்பது என் பரிந்துரை. எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

பழைய மிஷின் கைக்கு வந்ததும் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, சைலன்சரை எடுத்து, கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டனைப் பார்க்க வேண்டும். சைலன்சர் பக்கம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உராய்ந்திருந்தால் பெரும்பாலும் காற்றுமிகையோ ஆயில் ஊற்றாததோதான் காரணம். கார்புரேட்டர் பக்கம் மட்டும் உராய்வு என்றால் ஃபில்டர் வழியே தூசி போயிருக்கிறது. முதல் வகையில் புதுப் பிஸ்டன் மட்டும் போட்டால் அதுவும் போய்விடும். இன்டேக் ரப்பரில் வெடிப்பு, கிராங்க் சீல் தேய்வு என்று காற்று கசிந்து உள்ளே புகும் இடங்கள் இரண்டையும் பார்த்து மாற்றிய பிறகே பிஸ்டன்.

நம் மலைக்கு இந்தச் சொல் இன்னும் பொருந்தும். ஊட்டி 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கீழே டியூன் செய்த செயின்சா மேலே வந்தால் காற்றுக்குறை: புகை கக்கும், பிளக் கரி பிடிக்கும், அவ்வளவுதான். ஊட்டியில் ‘எச்’ திருகை (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பது) இறுக்கி டியூன் செய்து சவுக்கு வெட்டக் கீழே கொண்டுபோனால் காற்றுமிகை. முழு ஆக்சிலேட்டரில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இறங்கும் முன் அந்தத் திருகைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும் என்பதைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

– கோத்தகிரி

> லீன் = காற்றுமிகை

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தைப் பார்த்துக்கொள்ளும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் விறைத்துப்போனாலும் டேங்க் ஃபில்டர் அடைத்தாலும் இதே நிலைதான் வரும். அங்கே காற்று கூடவில்லை, பெட்ரோல்தான் பத்தவில்லை. இந்தச் சொல்லை மட்டும் நம்பினால் சீலைக் கழற்றி வீணாக உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் நிலைக்குக் காற்றுமிகை என்றே இருக்கட்டும். அதன் கீழ்க் காரணங்களைக் ‘காற்றுக்கசிவு’, ‘பெட்ரோல் தடை’ என்று இரண்டாகப் பிரிப்போம். பிரித்தறிவது எளிது. ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் மெதுவாக) ஓடும்போது மிஷினைப் பக்கவாட்டில் சாய்த்தால் வேகம் ஏறி இறங்குகிறதா, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்க மறுக்கிறதா – முதலில் கசிவைத் தேடலாம். ஐடில் சீராக இருந்து, முழு ஆக்சிலேட்டரில் சில நொடி நன்றாக ஓடிப் பிறகு மூச்சடைத்து நின்றால் தடை. அப்போது டேங்க் ஃபில்டரை மாற்றி, டயாஃப்ரத்தை விரலால் அழுத்திப் பார்க்கட்டும். நல்லது தொய்வாக வளையும். கெட்டது காய்ந்த இலைபோல் மொறுமொறுக்கும்.

காற்றுக்குறைக்கு மறுப்பில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.

– கொடைக்கானல்